மலைவீட்டுக்கு ஒரு போனோ ப்ரீஆம்ப்

இசைத்தட்டு கேட்கத் தொடங்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த போனோ ப்ரீஆம்ப் வாங்கலாம்?" என்றுதான். இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே மாட்டுகிற சின்னப் பெட்டி அது. நான் பதிலுக்கு இரண்டு கேள்விகள் கேட்பேன். உங்கள் டர்ன்டேபிளில் இருப்பது என்ன கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கும் தலை? உங்கள் வீட்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா? முதல் கேள்விக்குப் பாதிப் பேர் பதில் சொல்வார்கள். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. ஆனால் கொடைக்கானல் போன்ற ஊரில், ஏழாயிரம் அடி உயரத்தில், பழைய வீடுகளில் இருந்துகொண்டு இசைத்தட்டு கேட்பவர்களுக்கு, எந்தப் பெட்டி நல்லது என்பதை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பெட்டி ஒரு வீட்டில் தேனாகப் பாடும், அடுத்த வீட்டில் முனகும். இதை நான் நேரிலேயே பார்த்துவிட்டேன்.

நாங்கள் இருப்பது நாயுடுபுரம் பக்கம். மரத்தளம் போட்ட பழைய வீடு. அப்பா சேர்த்துவைத்த இசைத்தட்டுகள்தான் என் சேகரிப்பின் முதுகெலும்பு: நாகஸ்வரம், வீணை, வாய்ப்பாட்டு, திரைப்படப் பாடல்கள். பெரும்பாலானவை எச்.எம்.வி., கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அச்சானவை. பல தட்டுகள் மலையின் ஈரத்தில் பல மழைக்காலங்களைக் கண்டவை. உறையில் பூஞ்சை வட்டங்கள், ஓரங்களில் லேசான வளைவு, பள்ளங்களில் பொரிச்சத்தம். ஐரோப்பாவில் புதிதாக அச்சடித்த தட்டை வைத்து எழுதப்படும் விமர்சனம் இந்தத் தட்டுகளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆகவே நான் எழுதுவது இந்தத் தட்டுகளுக்கும் இந்த மாதிரி வீடுகளுக்கும் பொருந்துகிற தேர்வைப் பற்றி.

அந்தச் சின்னப் பெட்டி செய்கிற வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊசி பள்ளத்தில் அசையும்போது கார்ட்ரிட்ஜில் பிறக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது, சில மில்லிவோல்ட்தான். அதை ஆம்ப்ளிஃபயருக்குப் போதுமான அளவுக்குப் பெருக்குவது ஒரு வேலை. இன்னொரு வேலை, தட்டு வெட்டும்போது செய்யப்பட்ட மாற்றத்தைத் திருப்பிப்போடுவது. கீழ்ச்சுரங்களை அப்படியே வெட்டினால் பள்ளம் அகன்று அடுத்த பள்ளத்தில் முட்டும். தட்டில் அடங்கும் நேரமும் குறையும். எனவே அவற்றைக் குறைத்தும், மேற்சுரங்களை உயர்த்தியும் வெட்டுகிறார்கள். மேற்சுரங்களை உயர்த்துவதால் தட்டின் இரைச்சலுக்கு மேலே இசை நிற்கும். 1954-இல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் இதற்கு ஒரு பொது அளவை வகுத்தது. அதன் பெயரால் ஆர்ஐஏஏ வளைவு என்கிறோம். பிறகு உலகம் முழுக்க அதுவே வழக்கமாயிற்று. கேட்கும்போது 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால், 20 ஹெர்ட்ஸை ஏறத்தாழ 20 டெசிபல் உயர்த்த வேண்டும், 20,000 ஹெர்ட்ஸை ஏறத்தாழ அதே அளவு தாழ்த்த வேண்டும். 20 டெசிபல் என்றால் பத்து மடங்கு.

இந்தக் கணக்கை நான் ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எம்எம் (ஊசியோடு காந்தம் அசையும் வகை) கார்ட்ரிட்ஜுக்கான ப்ரீஆம்ப், நடுச்சுரங்களை 40 டெசிபல், அதாவது நூறு மடங்கு பெருக்கும். அதே பெட்டி 50 ஹெர்ட்ஸை ஏறத்தாழ எழுநூறு மடங்கு பெருக்குகிறது. சிடி பிளேயரை மாட்டினால் எந்த உறுமலும் கேட்காத வீட்டில், டர்ன்டேபிளை மாட்டியதும் உறுமல் ஏன் எழுகிறது என்பதற்கு விடை இதுதான். வீட்டு வயரிங்கில் எப்போதும் இருந்துகொண்டிருந்த சிறு குறையை இந்தப் பெட்டி பூதக்கண்ணாடி வைத்துக் காட்டுகிறது.

இனி கார்ட்ரிட்ஜ். எச்.எம்.வி. பெட்டி பிளேயர்கள் போன்ற பழைய கையடக்கக் கருவிகளில் பலவற்றில் செராமிக் அல்லது கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதிலிருந்து வரும் மின்னழுத்தமே பெரிது, போனோ ப்ரீஆம்ப் தேவையில்லை. மாட்டினால் கரகரவென்று சிதைந்துதான் ஒலிக்கும். தாத்தா காலத்துப் பிளேயரைத் தூசி தட்டி எடுத்தவர்கள் கடைக்குப் போகும் முன் ஊசித்தலையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

இன்றைய டர்ன்டேபிள்களில் பெரும்பாலும் எம்எம் வகைதான். ஆடியோ டெக்னிக்கா ஏடி-விஎம்95இ தருவது 4 மில்லிவோல்ட். ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் தருவது 5.5 மில்லிவோல்ட். நூறு மடங்கு பெருக்கினால் 400 முதல் 550 மில்லிவோல்ட். எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் இது போதும். சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தருவதால் இசைத்தட்டுக்கு வால்யூமைக் கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டியிருக்கும். அது கோளாறு அல்ல. இதைக் கோளாறென்று நினைத்து அதிக கெயின் (பெருக்கும் அளவு) உள்ள பெட்டியைத் தேடிப் போகிறவர்கள் இரைச்சலையும் சேர்த்தே வாங்குகிறார்கள். எம்எம் வைத்திருப்பவர்களுக்கு 40 டெசிபல் போதும், 45-க்கு மேல் வேண்டாம்.

கெயினை எல்லாரும் பார்க்கிறார்கள். கெபாசிட்டன்ஸை, அதாவது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் தன்மையை, யாரும் பார்ப்பதில்லை. நான் அதிகம் பேச விரும்புவதும் அதைப் பற்றித்தான். எம்எம் கார்ட்ரிட்ஜுக்குள் நுண்ணிய கம்பிச்சுருள் இருக்கிறது. அதற்கு இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கும் தன்மை, உண்டு. கேபிளுக்கும் ப்ரீஆம்பின் உள்வாயிலுக்கும் கெபாசிட்டன்ஸ் உண்டு. இரண்டும் சேர்ந்து ஓரிடத்தில் மேற்சுரங்களைத் தூக்கிவிட்டு, அதற்கு மேல் சட்டென்று கீழே இறக்கிவிடும். விஎம்95இ-யின் இண்டக்டன்ஸ் 550 மில்லிஹென்றி. நிறுவனம் கேட்கும் கெபாசிட்டன்ஸ் மொத்தம் 100 முதல் 200 பிகோஃபேரட். டோன்ஆர்முக்குள் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) ஓடும் கம்பியும் ப்ரீஆம்புக்குப் போகும் ஆர்சிஏ கேபிளும் சேர்ந்தே 150 பிகோஃபேரட் ஆகிவிடுகிறது. ப்ரீஆம்பின் வாயிலில் 50 பிகோஃபேரட் இருந்தால் மொத்தம் 200, அந்த மேடு 15 கிலோஹெர்ட்ஸ் அருகில் நிற்கும். வாயிலில் 220 பிகோஃபேரட்டை நிரந்தரமாகப் பற்றவைத்த பெட்டியாக இருந்தால் மொத்தம் 370, மேடு 11 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி வந்து இன்னும் கூர்மையாகிவிடும். 'ச', 'ஸ' ஒலிகள் சீறும். ஜால்ரா குத்தும்.

இது தாளில் மட்டும் தெரிகிற வித்தியாசம் அல்ல. குறிஞ்சி ஆண்டவர் கோயில் திருவிழாவுக்கு வாசிக்க வந்த நாகஸ்வர வித்வான் ஒருவர் ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தார். அப்போது இரண்டு ப்ரீஆம்புகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். முதல் பெட்டியில் தோடி ஆலாபனை ஓடியது. கண்ணை மூடிக் கேட்டார். கம்பிகளை மாற்றி அதே இடத்தில் ஊசியை வைத்தேன். சற்று நேரத்தில் கண்ணைத் திறந்து, "தம்பி, இவர் நடுவில் சீவாளியை மாற்றினாரா?" என்று கேட்டார். சீவாளி என்பது நாகஸ்வரத்தில் வாய்வைத்து ஊதுகிற நாணல் துண்டு.

"இல்லைங்க ஐயா, அதே தட்டு, அதே பாட்டுதான். நான்தான் பெட்டியை மாற்றினேன்."

"முதலில் கேட்டது பதமான சீவாளி. இது காய்ந்த சீவாளி. காற்று உரசுகிற சத்தம் முன்னால் வந்து நிற்கிறது" என்றார்.

காய்ந்த சீவாளி என்று அவர் சொன்னது 220 பிகோஃபேரட் பெட்டியைத்தான். விலையில் அதுதான் கூடுதல். ஆனால் கார்ட்ரிட்ஜ் வேறாக இருந்தால் முடிவும் வேறாகும். ஷூர் எம்97எக்ஸ்இ 200 முதல் 300 பிகோஃபேரட் கேட்கிற கார்ட்ரிட்ஜ். ஷூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டாலும், அதைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இன்னும் பலர். அவர்களுக்கு அந்த 220 பிகோஃபேரட் பெட்டி பொருந்தாமல் போகாது. குறைந்த கெபாசிட்டன்ஸ் உள்ள பெட்டியில் அவர்களுக்கு ஒலி மங்கலாகத் தெரியலாம். ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் 150 முதல் 300 வரை ஏற்றுக்கொள்ளும். ஆகவே கெபாசிட்டன்ஸை மாற்றிக்கொள்ளச் சிறு சுவிட்ச் உள்ள பெட்டியை வாங்குங்கள். அது இல்லையென்றால் 100 பிகோஃபேரட்டுக்குக் கீழே உள்ளதை வாங்குங்கள். குறைவாக இருந்தால் ஒரு சிறு கெபாசிட்டரைப் பற்றவைத்துக் கூட்டிக்கொள்ளலாம். அதிகமாக இருப்பதைக் குறைக்கப் பெட்டியைத் திறந்து பாகத்தைக் கழற்ற வேண்டும். விவரக் குறிப்பில் கெபாசிட்டன்ஸைக் குறிப்பிடாத பெட்டியை நான் வாங்குவதில்லை. மற்றபடி உள்வாயில் தடை 47 கிலோ ஓம் என்பது எம்எம் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் பொது.

இனி வீட்டுக்கு வருகிறேன். எங்கள் வரவேற்பறைப் பிளக்கில் மூன்று ஓட்டைகள் இருந்தன. மூன்றாவதற்குப் பின்னால் கம்பி எங்கே போகிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. மூஞ்சிக்கல்லில் இருக்கிற எலக்ட்ரீஷியன் அண்ணனை அழைத்துவந்தேன். மல்டிமீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தார். ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது அதைத் தாண்டி ஆடிக்கொண்டிருந்தது. பின்கட்டில் பேரிக்காய் மரத்தடியில் எர்த் குழி இருந்த இடத்தைத் தோண்டினார். குழாயின் கழுத்தில் கம்பியைப் பிடித்திருந்த கிளாம்ப் துருவேறி, விரல் பட்டதும் பொடிந்து உதிர்ந்தது. கம்பி குழாயைத் தொட்டுக்கொண்டிருந்ததே தவிர, பிடித்துக்கொண்டிருக்கவில்லை. "தம்பி, இந்த எர்த்தை நம்பி நீங்கள் கீசர் போட்டுக் குளிக்கிறீர்களா?" என்று கேட்டார். புதுக் கிளாம்ப், புதுக் கம்பி, கரியும் உப்பும் போட்டுக் குழியை நிரப்பி, தண்ணீர் ஊற்றி முடித்ததும் மறுபடி அளந்தார். முள் அடங்கியிருந்தது. அன்று மாலை டர்ன்டேபிளைப் போட்டபோது உறுமலில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. எந்தப் பெட்டியையும் நான் மாற்றவில்லை.

மலையில் பாறை அதிகம், மண் ஆழம் குறைவு. கோடையில் குழி காய்ந்துவிடும். மார்ச் முதல் மே வரை வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. உறுமலை நிறுத்த ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடும்படி சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உறுமல் போகலாம், ஆனால் கருவியில் கசிவு ஏற்பட்டால் அதன் உலோக உடம்பைத் தொடுகிற கை உங்களுடையதோ உங்கள் குழந்தையுடையதோ ஆக இருக்கும். எர்த் லூப்பை (கருவிகள் வெவ்வேறு வழியில் எர்த்தைத் தொடுவதால் உண்டாகும் மின்சுற்றை) உடைப்பதற்குப் பாதுகாப்பான வழி, டர்ன்டேபிள், ப்ரீஆம்ப், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் ஒரே பிளக்கிலிருந்து வரும் ஒரே நீட்டிப்புப் பலகையில் மாட்டுவது. டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் கம்பியை ப்ரீஆம்பின் திருகில் இறுக்கமாக முடுக்க வேண்டும். ரேகா டர்ன்டேபிள்களில் மட்டும் இந்தக் கம்பி தனியாக வராது, கேபிளின் உறையோடு சேர்ந்தே வரும்.

உறுமலின் குரலைக் கேட்டே அதன் மூலத்தை ஓரளவு கண்டுபிடிக்கலாம். அடிவயிற்றிலிருந்து வருகிற மிருதுவான 'ம்ம்ம்' என்றால் 50 ஹெர்ட்ஸ். எர்த் லூப்போ, அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரோ காரணம். சற்று மேலே, கரகரப்போடு வரும் 'ர்ர்ர்' என்றால் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். பெரும்பாலும் பவர் சப்ளையிலிருந்து வருவது. கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இது இன்னொரு வகையிலும் முக்கியமானது. ஒரு கட்டைச் சுருதியில் கீழ்ப் பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். உறுமல் 100 ஹெர்ட்ஸ். தம்புராவின் பஞ்சமத்துக்கு ஒரு மயிரிழை மேலே, எப்போதும் அசையாமல் ஒரு பொய்ப் பஞ்சமம் நின்றுகொண்டிருக்கும். பெண் பாடகர்களின் ஐந்து கட்டையில் அதே 98 ஹெர்ட்ஸ் தம்புராவின் கீழ்ச் சட்ஜமமாகிவிடுகிறது. உறுமல் அந்த சட்ஜமத்தை இடிக்கும். மேற்கத்திய ராக் இசையில் இந்த அளவு உறுமல் கேட்காமலே மறைந்துவிடும். தம்புரா மட்டும் ஒலிக்கிற அமைதியான ஆலாபனையில் மறையாது. அதனால்தான் உறுமல் விஷயத்தில் நாம் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்கிறேன்.

அடுத்தது ஸ்டெபிலைசரும் இன்வெர்ட்டரும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவதும், குளிர்காலத்தில் எல்லா வீட்டு ஹீட்டர்களும் ஒரே நேரத்தில் ஓடி வோல்டேஜ் இறங்குவதும் இங்கே வழக்கம். எனவே இரண்டும் இல்லாத வீடு குறைவு. ஸ்டெபிலைசருக்குள் இருப்பது பெரிய டிரான்ஸ்ஃபார்மர். அதன் காந்தப்புலத்தில் ப்ரீஆம்பை வைத்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியும் உறுமும். நான் ஸ்டெபிலைசரை அறையின் எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். ப்ரீஆம்பை ஆம்ப்ளிஃபயரின் மேலே அடுக்காமல் டர்ன்டேபிளின் இடப்பக்கம், மோட்டாருக்கு எதிர்த்திசையில் வைத்தேன். வைக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. தட்டு சுழலாமல், ஊசியைத் தூக்கிவைத்து, போனோ வாயிலைத் தேர்ந்து, வழக்கத்தைவிட வால்யூமைக் கூட்டிக்கொண்டு, பெட்டியைக் கையில் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் உறுமல் குழியில் விழுந்ததுபோல் குறையும். அதுதான் இடம். இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால், மின்சாரம் போனதும் ஒலியில் கடுகு பொரிவது போன்ற இரைச்சல் சேரும். சைன் அலை இன்வெர்ட்டரில் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. புதிதாக இன்வெர்ட்டர் வாங்குகிற இசைப்பிரியர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கொடைக்கானலுக்கென்றே உரிய விஷயம் ஒன்று உண்டு. மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரமெல்லாம் கேட்டு வளர்ந்த கொடைக்கானல் பண்பலை 100.5 இந்த மலையிலிருந்துதான் ஒலிபரப்பாகிறது. அதோடு செல்பேசிக் கோபுரங்களும் இருக்கின்றன. ஒலிபரப்பு வலுவாக இருப்பதில் குற்றம் எதுவும் இல்லை. அது நமக்குக் கிடைத்த வரம். ஆனால் உறையில்லாத கேபிளும் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த ப்ரீஆம்பும் சேர்ந்தால், அந்தக் கேபிளே ஆன்டெனாவாகிவிடும். நான் சோதித்த மலிவான பெட்டி ஒன்றில், ஊசியைத் தூக்கியதும் பின்னணியில் மெல்லிய பேச்சுக்குரல் கேட்டது. முதலில் பக்கத்து வீட்டுப் பேச்சென்றே நினைத்தேன், பிறகுதான் ஒலிபெருக்கியிடம் காதை வைத்தேன். உலோகப் பெட்டிக்குள் இருந்த ப்ரீஆம்பில் அதே கேபிளோடு அந்தக் குரல் காணாமல் போனது. ஆகவே மலையில் வாங்குகிறவர்களுக்கு என் முதல் நிபந்தனை, உடம்பு முழுவதும் உலோகமாக இருக்க வேண்டும். கேபிள் நன்றாக உறை பின்னியதாக, ஒரு மீட்டருக்கு மிகாததாக இருக்கட்டும். அதற்குப் பிறகும் கேட்டால், கேபிளின் இரு முனைகளிலும் கவ்விக்கொள்ளும் ஃபெரைட் வளையங்களை மாட்டிப் பாருங்கள். செலவு மிகக் குறைவு. செல்பேசியை டர்ன்டேபிள் மேடையில் வைக்காமல் இருந்தாலே 'டட்-டட்-டட்' சத்தம் நின்றுவிடும்.

மரத்தளம் உள்ள வீட்டுக்காரர்கள் சப்சானிக் ஃபில்டர் (காதுக்குக் கேட்காத தாழ்ந்த அதிர்வை வெட்டுவது) உள்ள பெட்டியைத் தேட வேண்டும். யாராவது நடந்து வந்தால் தளம் அமுங்கி, அந்த அதிர்வு மேடை வழியாக ஊசிக்குப் போகிறது. டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து இயல்பாக ஆடுகிற இடம் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். காலடி அதிர்வும் தட்டின் வளைவும் அதைக் கிளப்பிவிடும். ஊஃபரை, அதாவது கீழ்ச்சுரங்களுக்கான ஒலிபெருக்கியை, கவனித்தால் தெரியும். இசை இல்லாத இடத்திலும் கூம்பு முன்னும் பின்னும் நடக்கும். 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது 1.8 விநாடி. அந்த இடைவெளியில் கூம்பு ஆடினால் வளைந்த தட்டு. ஒழுங்கில்லாமல் துள்ளினால் காலடி. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற ஃபில்டரால் நம் இசை எதையும் இழப்பதில்லை. தவிலின் தொப்பிப் பக்கம்கூட அதற்கு வெகு மேலேதான் ஒலிக்கிறது. வசதியிருந்தால் டர்ன்டேபிளைச் சுவரில் அடித்த அலமாரியில் வையுங்கள். எங்கள் வீட்டுக் கற்சுவரில் அடித்த பிறகு, குழந்தைகள் ஓடினாலும் ஊசி அசைவதில்லை.

பொரிச்சத்தம் இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கீறலும் பூஞ்சைத் துணுக்கும் ஊசியில் மோதும்போது வருவது இசையைவிடப் பல மடங்கு பெரிய, மிக வேகமான துடிப்பு. ப்ரீஆம்புக்கு அதைத் தாங்குகிற இடைவெளி இல்லையென்றால் அது முட்டி, மீண்டுவர நேரம் எடுக்கும். 'டிக்' என்று போக வேண்டியது 'டப்' என்று நீளும். அதே தட்டு ஒரு பெட்டியில் பழசாகவும் இன்னொன்றில் பாதி சுத்தமாகவும் கேட்பதற்கு இது ஒரு காரணம். குறிப்பில் ஓவர்லோட் அளவைப் பாருங்கள். 5 மில்லிவோல்ட் கார்ட்ரிட்ஜுக்கு 1,000 ஹெர்ட்ஸில் 50 மில்லிவோல்ட் வரை தாங்கினால் அது 20 டெசிபல் இடைவெளி. அதற்குக் குறைந்த எதையும் நம்முடைய பழைய தட்டுகளுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதோடு தட்டைக் கழுவுங்கள். வடித்த நீரும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் மிருதுவான தூரிகையும் போதும், லேபிள் நனையக் கூடாது. நிழலில் உலர்த்திப் புது உள்ளுறையில் போடுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பின்னால் காற்று போகட்டும். எங்கள் சேகரிப்பில் பாதிக்கும் மேற்பட்ட தட்டுகளுக்கு இந்தக் கழுவல் எந்தப் பெட்டியும் தராத பலனைத் தந்தது.

மோனோ சுவிட்ச் இருந்தால் விடாதீர்கள். எழுபதுகள் வரையிலான நம் திரைப்பட இசைத்தட்டுகளில் பெரும்பாலானவை மோனோ. இரண்டு பக்கங்களையும் ஒன்றாகச் சேர்க்கும்போது ஊசியின் மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். குரல் நடுவில் உறுதியாக வந்து நிற்கும். இந்த ஒரு சுவிட்சுக்காகவே நான் ஒரு பெட்டியைவிட இன்னொன்றைத் தேர்ந்திருக்கிறேன். 78 சுற்றுத் தட்டுகள் தனிக்கதை. 1954-க்கு முந்தையவற்றில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு வளைவு. ஊசியும் வேறு, எல்பி (33⅓ சுற்றுத் தட்டு) ஊசியின் நுனி ஆரம் 0.0007 அங்குலம் என்றால் அதற்கு 0.003 அங்குலம் வேண்டும். எல்பி ஊசியை அந்தத் தட்டில் வைத்தால் இரண்டும் கெடும்.

ஒப்பிட்டுக் கேட்கும்போது ஒலியளவைச் சமப்படுத்தாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிக்கிற பெட்டி எப்போதும் நன்றாகவே தோன்றும். செல்பேசியில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றை நிறுவி, நாற்காலியில் அதை ஒரே இடத்தில் வைத்து, இரண்டு பெட்டிகளும் ஒரே அளவு காட்டும்படி வால்யூமைத் திருத்திக்கொண்டு கேளுங்கள். தெரிந்த தட்டையே போடுங்கள். நான் போடுவது தம்புரா மட்டும் ஒலிக்கும் ஒரு தொடக்கம், தவில் தனி, பெண் குரல், இவை மூன்றும்தான். தம்புரா உறுமலைக் காட்டும், தவில் ஓவர்லோடைக் காட்டும், குரல் கெபாசிட்டன்ஸைக் காட்டும்.

டர்ன்டேபிளுக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருந்தால் அதையே முதலில் கேட்டுப் பாருங்கள். பின்பக்கம் போனோ, லைன் என்று சுவிட்ச் இருக்கும். வெளியே தனிப் பெட்டி மாட்டும்போது அதை போனோவில் வைக்க வேண்டும். இரண்டு ப்ரீஆம்பும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்தால் வருவது இசையாக இருக்காது. பழைய ஜப்பானிய ஆம்ப்ளிஃபயர்களின் போனோ வாயில் பெரும்பாலும் அருமையாக இருக்கும். கையில் கிடைத்தால் தனிப் பெட்டி வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் ஜப்பான் உள்நாட்டு மாடல்கள் 100 வோல்ட் மின்சாரத்துக்கானவை. பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் நம் 230 வோல்ட்டில் சொருகினால் ஒரு நொடியில் போய்விடும். புதிதாக வாங்குகிறவர்கள் கார்ட்ரிட்ஜின் விலையைவிட இரண்டு மடங்குக்கு மேல் ப்ரீஆம்புக்குச் செலவிட வேண்டியதில்லை. மீதிப் பணம் எர்த் குழிக்கும், சுவர் அலமாரிக்கும், புது ஊசிக்கும் போகட்டும்.

எம்சி (காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ் பக்கம் ஆசை வருகிறவர்களுக்கு: டெனான் டிஎல்-103 ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக்காக அறுபதுகளில் உருவாகி இன்றும் விற்பனையில் இருக்கிறது. அது தருவது 0.3 மில்லிவோல்ட்தான். அதற்கு 60 டெசிபல், அதாவது ஆயிரம் மடங்கு கெயின் வேண்டும். எம்எம்மில் கேட்காத உறுமலும் அப்போது பத்து மடங்காகும். எனவே எம்எம் கார்ட்ரிட்ஜோடு உங்கள் வீடு முழு அமைதியான பிறகு அதை யோசியுங்கள். வால்யூமை முக்கால்வாசி திருகி, ஊசியைத் தூக்கிவைத்து, ஒலிபெருக்கியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் எலக்ட்ரீஷியன் அண்ணனை முதலில் அழையுங்கள், கடைக்குப் பிறகு போகலாம்.